வீட்டுக்கு ஒரு பெயர்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் நலமாக இருக்கிறோம். உங்கள் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? வெல்டிங் போடும்போது முகமூடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற பழக்கத்தை விட்டீர்களா, இல்லையா?

போனில் பேசியிருக்கலாம். ஆனால் போன் இருப்பது கடையில். கடைக்காரருக்கு ஊர் 'ரேடியோ' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. நான் பேசி முடித்து வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

நம் பொதுக்காட்டைப் பிரிக்கப் போகிறார்களாம். ஒட்டுப்பலகைக் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது. காடு ஊருக்குப் பொதுவாக இருக்கிறவரை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அதனால் முதலில் வீட்டுக்கு வீடு துண்டு போட்டுப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம் என்கிறார்கள். புதுச் சட்டம் இடம் தருகிறதாம். ஆனால் பங்குள்ள எல்லா வீடும் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு வீடு மறுத்தாலும் நடக்காது. நம் வீட்டுப் பங்கு உங்கள் அண்ணன் பெயரிலும் உங்கள் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது, இருவரில் யார் போட்டாலும் அது நம் வீட்டுக் கையெழுத்துதான்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக் கூடைக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள், அவளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் ஆண் குடியிருந்தால்தான் பங்கு, இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடும் என்கிற பழைய விதிப்படி பங்குப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அந்தம்மா கூடைக்குப் பிரம்பு வெட்டப் போனபோது காட்டு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். நிறுத்தியது உங்கள் அண்ணன்தான். காட்டு மேற்பார்வை அவர் கையில் இருக்கும்போது வேறு யார் நிறுத்துவார்கள்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை.

அவர் கொஞ்சம் இளைத்திருக்கிறார். வெயிலில் அலைவதால் இருக்கும். வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அண்ணி

*

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். கண்ணும் பரவாயில்லை. இப்போது ஒரு பழைய சரக்குக் கப்பலின் அடித்தொட்டியில் வேலை. உள்ளே இறங்கிவிட்டால் வெளியே மழையா வெயிலா என்றே தெரியாது. முதுகை வளைத்து வளைத்து நானே ஒரு கொக்கி மாதிரி ஆகிவிட்டேன். அண்ணன் எப்படி? பெரியவள் தையல் கற்றுக்கொள்கிறாளா? சின்னவள் இன்னும் கணக்கில் அழுகிறாளா?

காடு விஷயம் படித்துச் சிரித்தேன். அண்ணன் இருக்கிறவரை அந்தப் பேச்சு எடுபடாது. நான் இந்த இரும்புக்குள் கிடக்கும்போது எனக்குக் கண்ணில் வருவது அந்தக் காடுதான். அதில் எது யார் மரம் என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதான் அதன் அழகே. துண்டு போட்டால் முதல் வருடமே பாதியை மொட்டை அடித்துவிடுவார்கள். என் பெயரும் அண்ணன் பெயரும் ஒரே பக்கம்தான் என்று ஊர்த் தலைவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

வழக்கமாக உங்கள் கடிதத்தின் கடைசியில் அண்ணன் இரண்டு வரி கிறுக்குவாரே. இந்தத் தடவை காணோம். பேனாவை ஒளித்து வைத்துவிட்டீர்களா?

எல்லோருக்கும் என் அன்பு.
தம்பி

*

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். பெரியவள் சட்டை தைக்கும் அளவுக்கு வந்துவிட்டாள், கை மட்டும் ஒன்று நீளம் ஒன்று குட்டை.

ஊரில் அநேகமாக எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நம் வீடும் இன்னும் சில வீடுகளும்தான் பாக்கி. தெருவில் போனால் முன்பு மாதிரி யாரும் நின்று பேசுவதில்லை. நம் கொல்லைப்புறத்து எல்லைக்கல் ஒன்றை யாரோ பிடுங்கி ஓடையில் போட்டிருக்கிறார்கள்.

தம்பி, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் கையெழுத்தை எனக்கு அனுப்ப முடியுமா? காட்டை விற்க அல்ல. நம் துண்டு நமக்கென்று ஆகிவிட்டால் பிறகு அதை யாரும் அடிக்க முடியாது. பத்திரத்தில் மனைவி பெயரையும் மகள்கள் பெயரையும் சேர்த்து எழுதலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறீர்களோ அவ்வளவு நல்லது.

அண்ணனுக்கு வேலை அதிகம். அதனால்தான் எழுதவில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே சௌக்கியம். அங்கே சௌக்கியமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை அறையிலேயே வைத்து மூன்று தடவை படித்தேன். நான் கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது ஒன்று. அண்ணன் என்ன சொல்கிறார்? கையெழுத்துக் கேட்பது நீங்களா, அவரா? அவர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் அவர் கேட்க மாட்டார் என்பது உங்களைவிட எனக்குத் தெரியும். பத்து வயதில் நான் ஒரு பச்சைக் கிளையை ஒடித்ததற்கு என்னை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி அபராதம் கட்ட வைத்தவர் அவர்.

அவசரம் என்கிறீர்கள். என்ன அவசரம் என்று எழுதவில்லை. அண்ணன் கையால் ஒரு வரி வரட்டும், பிறகு பார்க்கலாம்.

தம்பி

*

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நானும் பிள்ளைகளும் நலம்.

அண்ணன் கையால் வரி கேட்டிருந்தீர்கள். அவர் வீட்டில் இல்லை. காட்டு மேட்டில் இருக்கும் காவல் குடிசையில் தங்கியிருக்கிறார். நான் கம்பெனிக்காரர்களின் ஆபீசுக்குப் போய்ப் பத்திரம் பற்றி விசாரித்ததை ரேடியோ அவர் காதில் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, "நீயா போனே?" என்று கேட்டார். நான்தான் என்றேன். காட்டைப் பிரிப்பதுதான் நமக்கு நல்லது என்றும் சொன்னேன். "ஊரே மாறினாலும் நீ மாற மாட்டேன்னு இருந்தேன்" என்றார். பிறகு போர்வையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாப்பாடு பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நான் போனால் வாங்க மாட்டேன் என்கிறார். காலையில் எழுந்ததும் கொல்லைப்புறம் போய் மேட்டைப் பார்க்கிறேன். குடிசையிலிருந்து புகை வந்தால் அடுப்பு மூட்டிவிட்டார் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேலை ஓடுகிறது. இன்று பனி மூட்டம். வெகுநேரம் புகை எது, பனி எது என்று தெரியவில்லை.

அவரிடம் கேட்காமலே கையெழுத்தை அனுப்பினால் நல்லது. காரணம் கேட்காதீர்கள்.

அண்ணி

*

மே 6

அண்ணிக்கு,

நலம்.

அண்ணன் தன் சொந்த வீட்டை விட்டுக் குடிசையில் படுத்திருக்கிறார், நீங்கள் காரணம் கேட்காதே என்கிறீர்கள். நான் கேட்கத்தான் செய்வேன். கம்பெனிக்காரன் உங்களுக்கு என்ன ஆசை காட்டினான்? ஊர் முழுவதும் அவருக்கு எதிராக நிற்கும்போது வீட்டிலாவது ஒருவர் அவர் பக்கம் நின்றிருக்க வேண்டாமா? உங்களை நான் அம்மா இடத்தில் வைத்திருந்தேன்.

என் கையெழுத்து வராது. அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று எழுதுங்கள், அது போதும்.

தம்பி

*

ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபத்தில் எழுதியது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த மௌனம் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நேற்றுக் கடைக்குப் போன் செய்தேன். உங்களைக் கூப்பிடச் சொன்னேன். ரேடியோ, "எல்லாரும் சௌக்கியந்தான் தம்பி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். கேட்டதற்கு மேல் பத்து விஷயம் சொல்கிற மனிதர். அவரே வாயை மூடிக்கொண்டார். இன்று தொட்டிக்குள் வேலையில் புத்தி போகவில்லை. போட்ட வெல்டிங் சரியில்லை என்று மேஸ்திரி வெட்டி எடுத்து மறுபடி போடச் சொன்னார்.

அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஒரு வரி போதும், அண்ணி.

தம்பி

*

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாதீர்கள். அண்ணன் இருக்கிறார். குடிசையில்தான் இருக்கிறார். காலையில் புகையைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்காகத்தானே எழுதினீர்கள்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை. குளிர்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. படியேறும்போது நின்று நின்று ஏறினார். நான் நச்சரித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்தார்கள், ஏதேதோ பார்த்தார்கள். அவர் கயிறு வாங்க வேண்டும் என்று வெளியே போன நேரத்தில் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். இதயம் வீங்கிப் பலம் இழந்துவிட்டதாம். மாத்திரை கொஞ்சம் தாங்குமாம், சரியாக்காதாம். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "அவருகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டாக்டர் வாயால் கேட்ட அன்றைக்குக் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. உங்கள் அண்ணனும் அப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று பயந்தேன். மாத்திரையை ரத்தம் ஊறுவதற்கு என்று சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது சாப்பாட்டோடு பிள்ளைகள் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்கும் தெரியாது. ரேடியோவின் மைத்துனர் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார், அதனால் அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். வாழ்நாளில் முதல் தடவையாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

தம்பி, அவர் போய்விட்டால் இந்த வீட்டில் ஆண் இல்லை. நீங்கள் இங்கே குடியிருக்கவில்லை, அதனால் உங்கள் பெயரும் சேர்ந்து போகும். விறகு, தேன், விழுந்த மரம், மாட்டுக்குப் புல் எல்லாம் அங்கிருந்துதான். நானும் பிள்ளைகளும் அந்தக் காட்டு வாசலில் போய் நின்றால் ஒருவர் எங்களைத் திருப்பி அனுப்புவார். கூடைக்காரம்மா அன்று வெட்டரிவாளோடு அப்படியே திரும்பி வந்ததை என் வாசலில் நின்று பார்த்தேன். அவள் அழவில்லை. அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு மட்டும் காடு பிடிக்காதா? கல்யாணமாகி வந்த நாள் முதல் தினமும் அதற்குள் போய் வருகிறேன். ஆனால் அது ஊருக்குச் சொந்தம் என்று சொல்லும்போது, அந்த ஊரில் நான் இல்லை. பத்திரம் என்றால் என் பெயரை எழுதுவார்கள். அதற்காகத்தான் அந்த ஆபீஸ் படி ஏறினேன்.

அவருக்கு எதுவும் எழுதிவிடாதீர்கள்.

அண்ணி

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனை நினைத்தேன், பிறகு உங்களை நினைத்தேன். இத்தனை மாதம் இதை ஒருவரிடமும் சொல்லாமல் எப்படி வைத்திருந்தீர்கள்?

கூடைக்காரம்மாவைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். நான் அதை ஊர்ச் செய்தி என்று தாண்டிப் போய்விட்டேன்.

இத்துடன் என் கையெழுத்து இருக்கிறது. எதற்கு என்று நான் சொல்லப் போவதில்லை. ஊர்ச் சபையில் கொடுப்பதானால் கொடுங்கள், கிழிப்பதானால் கிழியுங்கள். நீங்கள் எது செய்தாலும் எனக்குச் சம்மதம். அண்ணன் என்மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். கோபப்படுவதற்காவது அவர் நன்றாக இருக்கட்டும்.

கப்பல் தண்ணீரில் இறங்கும்வரை லீவு தர மாட்டார்கள். கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உடனே வரச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வருவேன்.

மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பையும்.

தம்பி

*

ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் கடைசிக் கூட்டம் என்று அறிவித்தார்கள். மற்ற வீடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டு முடித்து, நம் வீடு ஒன்றுதான் மிச்சம். பள்ளிக்கூடக் கூடத்தில் ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் ஜன்னலுக்கு வெளியே. உங்கள் அண்ணன் மேட்டிலிருந்து இறங்கி வந்து பின்சுவரில் சாய்ந்து நின்றார். வந்த களைப்பில் உதடு வெளுத்திருந்தது. உங்கள் காகிதம் என் கையில் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் உள்ளே போனேன். போன பிறகு, அவர் கண்ணெதிரே அதை நீட்ட மனம் வரவில்லை, வாய் வேறு பேசியது.

காட்டைப் பிரிக்க வேண்டாம், பட்டியலில் பெண்கள் பெயரைச் சேருங்கள் என்றேன். மனைவி பெயர், மகள் பெயர். ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடிக்கக் கூடாது. கூடைக்காரம்மா பெயரைத் திரும்ப எழுதுங்கள் என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

தலைவர் சிரித்தார். "வீட்ல ஆம்பளை இருக்கும்போது நீ ஏம்மா பேசறே?"

"இருக்கும்போதே பேசிடணும்னுதான்" என்றேன்.

"உன் புருஷன் கல்லு மாதிரி நிக்கிறான். அவனுக்கு என்ன வந்துடப் போகுது?"

சும்மாவாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது உங்கள் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சுகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து முன்னால் வந்தார்.

"கூடைக்காரம்மாவை வாசல்ல நிறுத்தினது நான்தான். விதின்னு சொல்லி நிறுத்தினேன்" என்றார். "அந்த விதியை இன்னைக்கே மாத்துங்க. மாத்தலேன்னா நானும் கையெழுத்துப் போடறேன். துண்டு போட்டு எடுத்துக்கலாம்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நடு பெஞ்சிலிருந்து தச்சர் எழுந்தார். தனக்கும் இரண்டும் பெண்ணாகப் போனதால்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். மகன் வெளிநாட்டில் இருப்பதால் போட்டேன் என்றார் இன்னொருவர். ஜன்னலுக்கு வெளியிலிருந்து, எங்கள் வீட்டிலும் நான் சொல்லித்தான் போட்டார் என்று ஒரு குரல் வந்தது, அப்புறம் இன்னொன்று. பாதி ஊர் இந்தப் பயத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

விதியை மாற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டியதில்லை, பாதிக்குமேல் கை தூக்கினால் போதும். தூக்கினார்கள். தலைவர் கடைசிவரை தூக்கவில்லை. பெண்கள் பெயரை எழுத ஆரம்பித்தார்கள். பிரிப்பதற்குப் போட்ட கையெழுத்தைச் சில வீட்டுக்காரர்கள் அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். உங்கள் காகிதத்தை நான் வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன்.

அவர் என்னோடு நடந்து வீட்டுக்கு வந்தார். ஓடைப் பாலத்தில் கொஞ்சம் நின்றார். எனக்கு மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் நிற்கலாம் என்று நானே சொன்னேன். அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மாத்திரையைக் கொடுத்தால் எதற்கு என்று கேட்காமல் போட்டுக்கொள்கிறார். முன்பெல்லாம் தினமும் கேட்பார்.

அண்ணி

*

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலம். நீ நலமா? எனக்குக் கடிதம் எழுத வராது என்று உனக்குத் தெரியும். இது கடையில் உட்கார்ந்து எழுதுவது. ரேடியோ எட்டிப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்.

அன்று கூட்டத்தில் தலைவர் கேட்டதும் உன் அண்ணி தரையைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் யார் முன்னாலும் தரையைப் பார்த்ததில்லை. மறுவாரம் மண்வெட்டிப் பிடி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டவுன் டாக்டரிடம் தனியாகப் போனேன். அவர் சொல்லிவிட்டார். வெளியே வந்து ஒரு காபி குடித்தேன். பிறகு மண்வெட்டிப் பிடியும் வாங்கினேன், வாங்காமல் போனால் கேட்பாளே.

அப்பா மாதிரி நான் படுத்துவிடவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பதால் சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கொஞ்சம் சிரிக்கிறாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. முட்டி வலி என்று சொல்லி மேட்டில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். அவள் உடனே நம்பியதைப் பார்த்தால் அவளும் நடிக்கிறாளோ என்று தோன்றுகிறது.

மேற்பார்வையைச் சபை இப்போது அவளுக்கும் கூடைக்காரம்மாவுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. இரண்டு பேரும் எல்லை சுற்றிவிட்டு வந்து எனக்கே புகார் சொல்கிறார்கள், வடக்குப் பக்கம் நான் வருடக்கணக்கில் சரியாகப் பார்க்கவில்லையாம். கம்பெனிக்காரன் ஒழிந்துவிட்டான் என்று நினைக்காதே. அவனும் தலைவரும் சேர்ந்து டவுனுக்குப் போய் வருகிறார்கள். அடுத்த வருடம் வேறு காகிதத்தோடு வருவார்கள். அப்போது நான் கூட்டத்துக்கு வருவேனா என்று சொல்ல முடியாது. அவள் இருப்பாள்.

கப்பல் இறங்கியதும் லீவு கேள். வந்தால் அவளிடம் எதையும் விசாரிக்காதே. என் முகத்தையே பார்த்துக்கொண்டும் நிற்காதே. காட்டைப் பார்க்க வந்தவன் மாதிரி வா.

அண்ணன்